வெங்காய அறை

மார்ச் 2, சனி

இல்லை, கடல் பிடிக்காது என்றில்லை. வெங்காய மூட்டையோடு மூட்டையாகக் கடலின் மேல் போவதுதான் பிடிக்கவில்லை.

பயணிகள் படகு ஒன்று உண்டு. கூரை, நாற்காலி, கழிப்பறை எல்லாம் அதில் இருக்கிறது. அது முன்னால் இருக்கும் தீவுக்குப் போகிறது, காலண்டர் படங்களில் வருகிற தீவு. அதற்கும் அப்பால் ஒன்று இருப்பதை அவன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். அதற்குச் சரக்குப் படகுதான், வாரம் ஒருமுறை. வெங்காயம், சிமெண்ட், டீசல் பீப்பாய், சில ஆடுகள், நாங்கள்.

கல்லூரி நண்பர்கள் அவனை 'சலுகை' என்றுதான் கூப்பிடுவார்கள். தள்ளுபடி போடாத சோப்பைக்கூட அவன் வாங்கியதில்லை. எங்கள் கல்யாண மேடையில் ஒருவன் மைக்கிலேயே கேட்டான்: "டேய் சலுகை, பொண்ணையாவது முழு விலைக்கு எடுத்தியா?" அன்று நானும் சிரித்தேன்.

இந்தப் பயணம் எனக்காகத்தான். டப்பிங் ஸ்டுடியோவில் என்னை வசனப் பிரிவுக்குத் தலைமை ஆக்கியிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் பொறுப்பேற்க வேண்டும். வீட்டில் கேக் வெட்டினோம். "இதுக்கெல்லாம் கேக் போதுமா? யாருமே தொந்தரவு பண்ண முடியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதி வைக்கிறேன் — கலங்கியது.

பாதி வழியில் வாந்தி. அவன் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான்: "இந்த ரேட்டுக்கு யாரு கூட்டிட்டு வருவா, சொல்லு!"

ஆடு ஒன்று என் துப்பட்டாவின் முனையைத் தின்றுவிட்டது.

மார்ச் 3, ஞாயிறு

'கடல் நோக்கிய அறை' என்று பதிவு செய்திருந்தான். நோக்குகிறது, பொய்யில்லை. நடுவில் தண்ணீர்த் தொட்டி. கட்டிலின் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்து, இடது பக்கம் சாய்ந்தால் நீலமாக ஒரு கீற்று தெரியும். அவன் ஏறிச் சாய்ந்து பார்த்துவிட்டு, "இருக்கே," என்றான். கடல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட்டவள் நான்தான் என்பதுபோல.

விடுதி என்பது ஒரு அக்கா வீட்டின் பின்கட்டு. அவள் கணவர்தான் சரக்குப் படகை ஓட்டுகிறவர். வந்ததும் கேட்டாள்:

"புதுசா கல்யாணம் ஆனவங்களா?"

"மூணு வருஷம் ஆச்சுக்கா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

அவன் முந்திக்கொண்டான். "அமைதிக்காகத்தான்க்கா."

"அமைதி சாயங்காலம் வரைக்கும்தான் தம்பி. அப்புறம் ஜெனரேட்டர் போட்டுடுவோம்."

ஜெனரேட்டர் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்.

இங்கே போன் எடுப்பது ஒரே இடத்தில். படகுத்துறையின் முனையில், கயிறு கட்டுகிற சிமெண்ட் கட்டை ஒன்று. சிக்னல் கட்டை என்கிறார்கள். மேலே ஏறி நின்றால் எடுக்கும், இறங்கினால் போய்விடும். ஆகையால் ஊரின் அந்தரங்கம் முழுவதும் அதன் மேல் நின்றபடிதான் கத்தப்படுகிறது. மாலையில் வரிசை. இன்று ஒரு பெரியவர் தன் மருமகனைத் திட்டத் திட்ட, வரிசையே நின்று கேட்டது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். பின்னாலிருந்து யாரோ, "அந்த வண்டி விஷயம்? அதையும் சொல்லுங்க," என்று எடுத்துக்கொடுத்தார்கள்.

அவனும் வரிசையில் நின்றான். ஆபீஸில் ஏதோ அவசரமாம். லீவில் ஆபீஸ் கூப்பிட்டால் 'செத்தா போயிடுவாங்க' என்று போனை அணைத்துப் போடுகிறவன்.

மார்ச் 4, திங்கள்

மீன். தூக்கம். மீன். மாலையில் சிக்னல் கட்டை.

நடுவில் தண்ணீரில் இறங்கினோம். கழுத்து வரை நின்றபோதும் என் பாதங்கள் எனக்குத் தெரிந்தன. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

தொழில் வியாதி. யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்க்கிறேன். முகம் அப்புறம்.

எங்கோ வேறு மொழியில் எடுத்த சீரியலில் யாரோ வாயசைக்கிறார்கள். அந்த வாய்க்குள் நான் தமிழை வைக்கவேண்டும். உதடு மூடுகிற இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழவேண்டும். திறந்த வாயில் அவை விழுந்துவிட்டால், பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாமலே எரிச்சல் வரும்.

தன்னோடு இன்னொருவரையும் சேர்த்துச் சொல்ல அந்த மொழியில் ஒரே ஒரு சொல்தான். எனக்கு இரண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. வெளியே நிறுத்தினால் நாங்க. நாம என்றால் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரியும். நாங்க என்றால் ஒட்டவே ஒட்டாது. எது என்று அங்கே எழுதியவனுக்கே தெரியாது. நான் தீர்மானிக்கவேண்டும்.

போன வருடம் ஒரு காட்சி. மகன் அப்பாவிடம் வேறு வீட்டுக்குப் போவதைச் சொல்கிறான். என் கைக்கு வந்த வசனம், 'நாம போறோம்ப்பா'. அப்படியென்றால் அப்பாவுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் திரையில் அப்பாவின் முகம் விழுகிறது. ஏன் விழவேண்டும்? 'நாங்க போறோம்ப்பா' என்று மாற்றினேன். ஒலிப்பதிவில் இயக்குநர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சொல்லுல அந்தாளைத் தனியா நிறுத்திட்டியேம்மா," என்றார். எனக்குப் பதவி வந்தது அந்த ஒரு சொல்லால்தான் என்று நினைக்கிறேன்.

இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன்?

மாலையில் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கட்டையின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். காற்று எதிர்ப்பக்கம், குரல் வரவில்லை. வாய் மட்டும். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை.

உதடு ஒட்டியது. நாம. மறுபடியும், இந்தமுறை அழுத்தி. நம்ம. அடுத்ததில் மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. வீடு. நம்ம வீடு.

ஆபீஸில் யாருக்கு எங்கள் வீடு 'நம்ம வீடு'?

சாப்பிடும்போது கேட்டேன். "போன்ல யாரு?"

"ஆபீஸ்தான்."

"நம்ம வீடு, நம்ம வீடுன்னு சொல்லிட்டிருந்த. ஆபீஸ்ல யாரோட குடும்பம் நடத்துற?"

கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தான். "இங்கயும் டப்பிங்கா? லீவு விடும்மா வாய்க்கு." மீனில் முள் எடுத்து, சதையை மட்டும் என் தட்டில் வைத்தான்.

பொய் சொல்லும்போது அவன் ரொம்ப அன்பாகிவிடுவான்.

மார்ச் 6, புதன்

பேனா பேப்பரைக் கிழிக்குது. இருந்தாலும் எழுதறேன்.

காலையில் ஊரில் இருக்கும் என் அக்காவிடம் பேசலாம் என்று கட்டைக்குப் போனேன். ஏறி நின்றதுமே போன் தானாக அடித்தது. வீட்டுக்காரர். ஊரில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்குச் சொந்தக்காரர்.

"என்னம்மா, ஆளையே பிடிக்க முடியல. மாசக் கடைசியில காலி பண்றீங்கல்ல, வீடு பாக்க ஒருத்தர் வந்திருக்காரு. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்ன சார் காலி?"

"அவருக்கு மாத்தலாயிடுச்சாமே, அம்மா ஊருக்கே போறீங்கன்னு சொன்னாரு. போன மாசமே சொல்லிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது. "தெரியும் சார்," என்றேன்.

அதுதான் எரிகிறது, மற்ற எல்லாவற்றையும்விட. தெரியும் என்று சொன்னேன். அவன் மானத்தைக் காப்பாற்ற என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

அறைக்கு வந்தேன். அவன் கட்டிலின் மேல் ஏறி, கம்பியைப் பிடித்து, இடது பக்கம் சாய்ந்து கடல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாம வீட்டைக் காலி பண்றோமா?"

இறங்கினான். "யாரு சொன்னா?"

முதல் கேள்வி அது. யார் சொன்னார்கள்.

அவன் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது எனக்குத் தெரியும். போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன். அவன் அக்கா வங்கி வேலையையும் பார்த்துக்கொண்டு தனியாகத் திணறுவதும் தெரியும். அவன் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தது தெரியாது. கிடைத்தது தெரியாது. மாடியைக் காலி செய்வதாகச் சொன்னது தெரியாது. கட்டையில் 'ஆபீஸ்' என்றது அவன் அக்காவை, 'நம்ம வீடு' என்றது அவன் அம்மா வீட்டை. மாற்றலும் காலியும் எனக்குப் பதவி வருவதற்கு முன்பே முடிந்திருக்கிறது. கேக் வெட்டும்போது, என் வாயில் ஊட்டும்போது, அவனுக்குத் தெரியும்.

"உனக்கென்ன, எங்க இருந்தும் எழுதலாமே," என்றான்.

"எழுதலாம். ஸ்டுடியோவை எங்க இருந்து நடத்தறது? உங்கம்மா வீட்டு மாடியில இருந்தா?"

"நான் ஒண்ணும் விளையாட்டுக்குப் பண்ணல. நாங்க எல்லாத்தையும் யோசிச்சு, பேசித்தான் முடிவு பண்ணினோம்."

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை.

"நாங்கன்னா யாரு?"

"என்ன யாரு? நாமதான்..."

"நாமன்னு சொல்லல. நாங்கன்னு சொன்ன."

"வாய் தவறி வந்துடுச்சு. சண்டையிலயும் இலக்கணம் பாப்பியா நீ?"

தவறவில்லை. எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் வாய் தவறிச் சொல்லும். இது எழுதிக்கொடுக்காதது.

"இதை அங்கேயே ஏன் சொல்லல?"

"அங்க சொல்லியிருந்தா பையைத் தூக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பியிருப்ப. இங்கன்னா பேசித்தானே ஆகணும்."

அடுத்த படகு சனிக்கிழமை.

அதுக்குத்தானா. அதுக்குத்தானா இந்தத் தீவு. மலிவுன்னு இல்ல. கோவிச்சுக்கிட்டு ஏறிப் போக ஒரு பஸ் இல்ல, அதான். எத்தனை இடம் தேடிப் பாத்திருப்பான். யாருமே தொந்தரவு பண்ண முடியாத இடம்னானே. அந்தத் தொந்தரவு நான்தான். ஆடு ஏத்தின படகுல என்னையும் ஏத்தியிருக்கான். ஏத்தும்போது ஆடாவது கத்துச்சு. நான் தேங்க்ஸ்னு சொன்னேன்.

மார்ச் 7, வியாழன்

கோபித்துக்கொண்டு நடக்கக்கூட இடம் போதாத தீவு.

காலையில் பேச்சு முற்றியது. கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தேன். (கதவு சரியாக மூடாது. திரும்பிப் போய் இரண்டாவது தடவை அறைய வேண்டியிருந்தது.) கரையோடு நடந்தேன். அவன் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று வேகமாக நடந்தேன். பாறை, மணல், கவிழ்த்துப் போட்ட படகு, பாறை. கோபம் பாதிகூட இறங்கவில்லை, முன்னால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். தீவு முடிந்துவிட்டது. நான் எந்த முகத்தை விட்டு ஓடினேனோ அதற்கே எதிரில் வந்து நின்றேன்.

விடுதி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் போனீங்க, அந்தப் பக்கம் வர்றீங்க. எல்லாருக்கும் அப்படித்தான். நானே பத்து தடவை புறப்பட்டிருக்கேன்."

அவன் எழுந்து, "வந்துட்டியா," என்றான். ஏதோ கடைக்குப் போய்விட்டு வந்தவளிடம் கேட்பது போல. நல்லவேளை கையில் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் போனேன். "எனக்குத் தனியா ஒரு ரூம் வேணும்க்கா."

"ரூம் எங்க இருக்கு? ஒண்ணு இருக்கு. வெங்காயம் அடுக்கியிருக்கு."

"பரவாயில்ல."

"நாறும்."

"பரவாயில்லக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சண்டைன்னா அதுதான் சரியான ரூம். கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." பாயும் தலையணையும் கொடுத்தாள். வாடகை உண்டா என்று கேட்டேன். "பின்ன, வெங்காயமா கொடுக்கும்?"

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம். ஜன்னல் சின்னது. ஆனால் மறைக்க ஒன்றுமில்லை, முழுக்கக் கடல். அவன் கண்ணில் பட்டிருந்தால் இதைத்தான் முதலில் எடுத்திருப்பான். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பின் மேலேயே கோபம் வந்தது.

மார்ச் 8, வெள்ளி

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

விழித்ததிலிருந்து இதே கேள்வி. அத்தையை எனக்குப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் ஆறு மாதம் லீவு கேட்டிருக்கலாம். அவளை எங்கள் மாடிக்கே — இல்லை, படி ஏற முடியாது. கீழ்வீடாகப் பார்த்திருக்கலாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருப்பேனோ என்னவோ. இனி எனக்கே தெரியாது. என்ன சொல்லியிருப்பேன் என்பதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீடு போனால் வேறு வீடு. இதற்கு வேறு இல்லை.

அவன் அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று கட்டைக்குப் போனேன். அண்ணி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வரிசையில் எனக்குப் பின்னால் மருமகனைத் திட்டுகிற பெரியவர், அவருக்குப் பின்னால் வலைக்காரர்கள் இரண்டு பேர்.

"அண்ணி, நான்தான்."

"நீயா! நானே உன்கிட்டப் பேசணும்னு இருந்தேன். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. இவ்வளவு பெரிய பதவியை விட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்க. அம்மா கேட்டுட்டு அழுதுட்டாங்க."

காற்று. கயிறு கட்டையில் உரசுகிற சத்தம்.

"நான் சொல்லல அண்ணி. என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"நான் கேட்டேனே அவனை," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அவளைக் கேட்டியாடா, அவளைக் கேட்டியாடான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். 'நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்க்கா'ன்னான். நாங்கன்னா... நீயும் அவனும்னுதானே நான் நினைச்சேன்."

அவளிடம் நாங்க என்றால் அவனும் நானும். என்னிடம் நாங்க என்றால் அவனும் அவர்களும். இரண்டு நாங்க. இரண்டிலும் இருந்தது அவன் ஒருத்தன்.

என்ன கெட்டிக்காரத்தனம். பொய்க்குக்கூடத் தனிச் சொல் தேடவில்லை. ஒரே சொல்லை இரண்டு பக்கமும் காட்டியிருக்கிறான், சலுகை விலையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் வீட்டுக்குள் நடந்திருக்கிறது, நான் கேக் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"காலி பண்றது நேத்துதான் எனக்குத் தெரியும் அண்ணி. இல்ல, முந்தாநாள். அதுவும் வீட்டுக்காரர் சொல்லி," என்றேன். மூக்கைத் துடைக்க நிறுத்தினேன்.

பின்னாலிருந்து பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "படகு சனிக்கிழமைதான்னு தெரிஞ்சே கூட்டிட்டு வந்தது. அதையும் சொல்லும்மா."

தீவுக்கே தெரிந்திருக்கிறது. அதையும் சொன்னேன்.

மத்தியானம் அவன் வெங்காய அறை வாசலுக்கு வந்தான். கட்டையில் ஏறியவனை அவன் அக்கா போனில் பிடித்துக் கத்தியிருக்கிறாள், காது இரண்டும் சிவந்திருந்தது.

"உள்ள வரலாமா?"

"இடமில்ல. மூட்டை இருக்கு."

வாசலிலேயே உட்கார்ந்தான். உரிந்து கிடந்த வெங்காயச் சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டே இருந்தான். "எனக்குப் பயமா இருந்துச்சு. நீ முடியாதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"முடியாதுன்னு சொல்லியிருந்தா, முடியாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதைவிட என்ன?"

"அம்மா என்ன தப்பு பண்ணாங்க?"

"அத்தையை இழுக்காதே. அவங்க ஒரு தப்பும் பண்ணல. அவங்களை முன்னாடி நிறுத்திட்டு நீ பின்னாடி நிக்காதே."

அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. வெங்காயமோ என்னவோ. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லை.

"சரி. தப்புதான். ஊருக்குப் போனதும் நாம உட்கார்ந்து பேசலாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம்னு..."

உதடு ஒட்டியது. இரண்டு தடவையும், சரியான இடத்தில். பொருத்தம் ஒரு குறையும் இல்லை. குரல்தான் வேறு யாரோ கொடுத்த மாதிரி இருந்தது.

மார்ச் 9, சனி

படகு வந்தது. சிமெண்ட் இறங்கியது. நாங்கள் ஏறினோம்.

விடுதி அக்கா துறைவரை வந்தாள். "அடுத்த தடவை வாங்க, நல்ல ரூமா தர்றேன்."

"எந்த ரூம்க்கா?"

"அதேதான். வெங்காயம் தீந்திருக்கும்."

இந்தமுறை வாந்தி அவனுக்கு. விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான். முதுகு குலுங்கியது. நான் எழுந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவன் நெற்றியைப் பிடித்துக்கொள்ளக் கை போயிற்று. போன கையின் மேல் எனக்கு வந்த கோபத்தை எந்த வசனத்திலும் வைக்க முடியாது.

துறைமுகத்துக்கு எதிரிலேயே பஸ் நிலையம். அவன் அம்மா ஊர் பஸ் ஒரு பக்கம். எங்கள் ஊர் பஸ் ஒரு பக்கம்.

"நான் அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன்," என்றான். "நாம போன்ல பேசுவோம்."

"நான் ஏறறேன்," என்றேன்.

ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதோ சொன்னான். கண்ணாடி மூடியிருந்தது. முதல்முறையாக வாயைப் பார்க்காமல் முன்னால் பார்த்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

அத்தைக்கு நானே போன் செய்தேன். இடுப்பைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பிறகு சொன்னேன்.

"நான் வரல அத்தை. நாளைக்கு ஸ்டுடியோவுல பொறுப்பு எடுக்கறேன். லீவு கிடைக்கறப்போ உங்களைப் பாக்க வருவேன். நிச்சயமா வருவேன்."

"அவன் மட்டும் வந்து என்னம்மா பண்ணப்போறான்?" என்றாள். நிஜமான கவலை. "அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே."

ஆக, வெந்நீருக்கு. நான் இத்தனை வருடம் கற்றதை இறக்கி வைத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது வெந்நீர் வைக்க. மாற்றல் அவனுக்கு, வேலை எனக்கு. இதை யோசிச்சாங்களாம், பேசினாங்களாம்.

"கத்துக்கட்டும் அத்தை."

பிறகு, "அடுப்பை அணைக்க மறந்துடுவான்," என்றாள்.

"நீங்க ஞாபகப்படுத்துங்க."

மார்ச் 11, திங்கள்

முதல் நாள். மேசையில் என் பெயர் இல்லை, இன்னும் பழையவர் பெயர்ப்பலகைதான். எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு காட்சியைக் கொண்டுவந்தாள். கணவன் மனைவி, சமையலறை. "மேடம், இங்க நாம வருமா, நாங்க வருமா?"

ஓட்டிப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். அந்த ஆளின் உதடு ஒட்டுகிறது, ஆனால் கண் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

"நாமதான். அவன் நாமன்னுதான் சொல்லுவான்," என்றேன். "அந்தப் பொண்ணு நம்பாத மாதிரி அடுத்த வரியை எழுது."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு யாரையாவது கடிக்கவேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது கீழ்வீட்டு மணியை அடித்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு வந்தார்.

"சார், நான் காலி பண்ணல."

"அவரு சொன்னாரேம்மா."

"அவரு காலி பண்றாரு. நான் இருக்கேன்."

என்னைப் பார்த்தார். மேலே எங்கள் மாடிப்படியைப் பார்த்தார். "அப்போ அந்த ஆளுகிட்ட இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க."

கை கழுவிட்டு வர்றேன் என்று உள்ளே போனார். நான் படியேறிவிட்டேன்.

மார்ச் 13, புதன்

போன் செய்தான். "நாம எப்போ பேசலாம்?"

"நீ பேசு. கேக்கறேன்."

பேசினான். பயம், அம்மா, அக்கா, பயம். ஒருமுறைகூட 'உன்னைக் கேட்டிருக்கணும்' என்று வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். பால் பொங்கிவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

பயணப் பையை இன்றுதான் திறந்தேன். மணல், ஆடு தின்ற துப்பட்டா, எல்லாவற்றிலும் வெங்காய வாசனை. அடியில் அவனுடைய நீலச் சட்டை ஒன்று என் துணியோடு வந்துவிட்டிருந்தது. தள்ளுபடியில் வாங்கியது, காலரில் ஒரு நூல் பிரிந்திருக்கும், அதனால்தான் தள்ளுபடி.

கோபம் போகவில்லை. போகாது என்று பயப்படவும் இல்லை.

சட்டையைத் துவைத்தேன். மொட்டைமாடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, ஒரு உறைக்குள் வைத்து, மேலே அவன் அம்மா வீட்டு முகவரியை எழுதினேன். தெருமுனைக் கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.